மேனேஜர் பருந்தும் மாட்டு வகுப்பும்

கோழி என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. அவள் எழுதுவதைப் பார்த்தால் கோழி கிண்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் தமிழ் டீச்சர் சொன்னார். அன்று மதியத்திற்குள் வகுப்பு முழுக்க அவளைக் கோழி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. "கோழி, கை கால் கழுவிட்டு வா" என்றாள் அம்மா. அவள் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தாள். பிறகு பழகிப்போயிற்று.

அவளுடைய கையெழுத்தில் மற்ற எழுத்துகள்கூடப் பரவாயில்லை. ப-தான் சொன்ன பேச்சைக் கேட்காது. அதிலும் ஒரு சொல்லின் தொடக்கத்தில் ப வந்துவிட்டால் போதும், நிற்க வேண்டிய இடத்தில் பேனா நிற்காது. கடைசிக் கோட்டை ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் ஓயும். அப்புறம் அது ப-வா, ம-வா என்று எழுதியவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு நாள் காலை அவளுடைய கட்டுரையை டீச்சர் எழுந்து நின்று சத்தமாக வாசித்தார்.

"'நேற்று எனக்கு மாட்டு வகுப்பு இருந்தது. மாட்டு டீச்சர் நன்றாக மாடினார். நானும் கூடவே மாடினேன்.'"

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

"அங்கே புல்லெல்லாம் குடுப்பாங்களா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது பாட்டு வகுப்பு, டீச்சர்" என்றாள் கோழி. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. தன்னுடைய ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டுன்னா பாட்டுன்னு எழுதணும். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் மாடு. நாளைக்கு எழுதிட்டு வா. ரெண்டும் வேற வேறன்னு உன் கைக்குத் தெரியட்டும்" என்றார் டீச்சர்.

பள்ளி விட்டதும் கோழி நேராக வீட்டுக்குப் போக முடியாது. அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மாவுக்கு வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அது பறவைகளின் ஆஸ்பத்திரி. அங்கே எல்லாப் பறவைகளையும் சேர்க்க மாட்டார்கள். பருந்து, வல்லூறு, ஆந்தை என்று வேட்டையாடித் தின்னும் பறவைகளுக்கு மட்டும்தான் இடம். அவற்றுக்குத் தினமும் கோழிக்கறிதான் சாப்பாடு.

அதனால் அவள் வாசலில் நுழையும்போதெல்லாம் கூண்டு மாமா ஒரே ஜோக்கைச் சொல்வார்.

"வா கோழி, வா. வழி தவறி கறி வெட்டுற ரூமுக்குப் போயிடாதே!"

கூண்டுகளைக் கழுவி, தீனியும் தண்ணீரும் வைப்பவர் என்பதால் அவர் கூண்டு மாமா. முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனபின் இந்த வேலைக்கு வந்தவர். சொன்னதை அப்படியே செய்வார். செய்யாதே என்றால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

அன்று அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. "உள்ளே போம்மா" என்று மட்டும் சொன்னார்.

கோழி வழக்கம்போல முதலில் மேனேஜரைப் பார்க்கப் போனாள். மேனேஜர் என்பது ஒரு பருந்து. மின்கம்பியில் மோதி, இடது இறக்கை முறிந்து வந்து சேர்ந்தது. எலும்பு கூடி, இறக்கை நன்றாக விரிய ஆரம்பித்திருந்தது. யார் கூண்டுப் பக்கம் வந்தாலும் தலையைச் சாய்த்து மேலும் கீழும் பார்க்கும். அந்தப் பார்வையைப் பார்த்தால் 'ஏன் லேட்டு?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

"குட் ஈவினிங் சார். பஸ் லேட்டாயிடுச்சு சார்" என்றாள் கோழி.

மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை. இறகுகளை உப்பவைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. காலையில் வைத்த கறி அப்படியே கிடந்தது.

கோழி உடனே ரத்தம் பரிசோதிக்கும் அறைக்கு ஓடினாள்.

அம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாள். "ஓடாதே" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"அம்மா, மேனேஜருக்கு என்ன?"

"மலேரியா."

"பருந்துக்குக்கூட மலேரியா வருமா?"

"ஏன், உனக்கு மட்டும்தான் வரணுமா? இங்க வா. கையைக் கட்டிக்கிட்டுப் பாரு. எதையும் தொடாதே."

கோழி எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் தடவிய ஒரு துளி ரத்தம் பெரிதாகத் தெரிந்தது. முட்டை வடிவத்தில் நிறைய அணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலமாக ஒரு புள்ளி இருந்தது.

"இந்தப் புள்ளிதானா மலேரியா?"

"அது இல்லை. பறவை ரத்தத்துல அந்தப் புள்ளி எல்லா அணுவுக்கும் இருக்கும். நல்லா பாரு, சில அணுல அந்தப் புள்ளியை ஓரமா நெட்டித் தள்ளிட்டு இன்னொண்ணு உட்கார்ந்திருக்கு பாரு. அதுதான் ஒட்டுண்ணி."

கோழி பார்த்தாள். ஆமாம், இருந்தது. மற்றவர் படுக்கையில் வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்ட விருந்தாளியைப் போல அது சாவகாசமாக இருந்தது.

"இது எப்படி உள்ளே போச்சு?"

"கொசுதான் கொண்டுபோய் விடும். நோயிருக்கிற பறவையைக் கடிச்ச கொசு கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு பறவையைக் கடிச்சா, இதையும் அங்க சேர்த்துடும். வெளியிலேருந்து வந்த ஆந்தைக்குத்தான் முதல்ல இருந்தது. இப்ப வல்லூறுக்கு வந்திருக்கு. மேனேஜருக்கும் வந்துடுச்சு."

கோழி தன் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். சட்டென்று கையை எடுத்தாள். "அப்ப எனக்கும் வந்துடுமா?"

"வராது. பறவைக்கு வர்ற மலேரியா வேற, மனுஷங்களுக்கு வர்றது வேற. சொறியாதே, புண்ணாயிடும்."

அப்போது டாக்டர் உள்ளே வந்தார். உயரமான பெண்மணி. எப்போதும் பாதி ஓட்டத்தில் இருப்பார். கழுத்தில் மாட்டிய கண்ணாடியை ஆஸ்பத்திரி முழுக்கத் தேடுவார். அவர் பின்னாலேயே கூண்டு மாமாவும் வந்து வாசலில் நின்றார்.

"மேனேஜருக்குமா?" என்றார் டாக்டர்.

அம்மா தலையசைத்தாள்.

"மாத்திரையைக் கறிக்குள்ள வச்சுக் குடுத்துப் பார்க்கலாம். ஆனா கொசு இருக்கிறவரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு படுத்துக்கிட்டேதான் இருக்கும். ஜன்னலுக்கெல்லாம் வலை போட்டாச்சு. சாக்கடையை மூடியாச்சு. மேல்தொட்டிக்கு மூடி போட்டாச்சு. அப்புறமும் கொசு வருதுன்னா எங்கேருந்துதான் வருது?" டாக்டர் கூண்டு மாமாவைப் பார்த்தார். "பறவைத் தண்ணியைத் தினமும் மாத்துறீங்கதானே?"

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாத்துறேன் டாக்டர். கிண்ணத்தைத் தேய்ச்சுத்தான் வைக்கிறேன்" என்றார் கூண்டு மாமா.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நாளைக்குக் காலையில வண்டி வரச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். வேற வழி இல்லை."

"அவ்வளவு தூரமா? மேனேஜர் தாங்குமா?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "தாங்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா இங்கேயே வச்சிருந்தா மத்ததையும் இழக்க வேண்டியிருக்கும்."

பெரியவர்கள் இப்படிப் பேசும்போது குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். கோழியையும் அனுப்பினார்கள்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போனாள். வாளி, துடைப்பம், கூண்டுத் தட்டுகள் எல்லாம் கழுவி வைக்கும் இடம் அது. ஒரு மூலையில் பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதன்மேல் பலகைகள் போட்டிருந்தார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. தொட்டியின் மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அந்தத் தொட்டியை யாரும் நெருங்க மாட்டார்கள். கூண்டு மாமா அதைத் தாண்டிப் போகும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். "மருந்து கலக்கி வச்சிருக்காங்க. பக்கத்துல போகாதே" என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கோழி கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பாட்டு, பாட்டு, பாட்டு. மனம் மேனேஜரிடமே இருந்தது. நாலாவது வரியிலேயே எல்லாம் மாட்டு ஆகிவிட்டது.

அழித்தாள். காலில் ஒரு கொசு கடித்தது. தட்டினாள். இன்னொன்று காதருகே ரீங்காரமிட்டது. இந்த இடத்தில் உட்கார்ந்தால் எப்போதும் இதே தொல்லைதான் என்று அலுத்துக்கொண்டாள். முன்னறையில் உட்கார்ந்தால் இவ்வளவு கடிக்காது.

ஒழுங்கான ம எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம் என நினைத்து, தலையை நிமிர்த்திச் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

'மருந்துத் தண்ணீர். வேறு யாரும் தொடக் கூடாது.'

டாக்டரின் கையெழுத்து. அந்த ம-வை உற்றுப் பார்த்தாள். அது அவளுக்கு ரொம்பப் பழக்கமான ம-வாக இருந்தது. கடைசிக் கோடு ஒரு சுழி சுழித்துவிட்டு மேலே போயிருந்தது. இதை எங்கே பார்த்திருக்கிறோம்?

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எழுந்து மேனேஜரின் கூண்டுக்குப் போனாள். கூண்டில் தொங்கிய அட்டையிலும் டாக்டர்தான் எழுதியிருந்தார். அவள் அதை எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

'மருந்து. இடது இறக்கை முறிவு.'

மருந்துக்கு ஏது இறக்கை?

கோழி பின்பக்கம் திரும்பி வந்தாள். தொட்டியைத் தொடாமல், பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் குனிந்து பார்த்தாள். மருந்து வாடையே இல்லை. பாசி வாடைதான் வந்தது. தண்ணீரில் குட்டிக் குட்டியாக என்னென்னவோ தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. அவளுடைய நிழல் விழுந்ததும் எல்லாம் துள்ளித் துள்ளி அடியில் போய் ஒளிந்தன.

"கூண்டு மாமா!" என்று கத்தப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கத்தக் கூடாது. போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"மாமா, இதை வாசிங்க."

"மருந்துத் தண்ணீர். வேறு யாரும் தொடக் கூடாது. அதுக்குத்தான் நானும் தொடறதே இல்லையே."

"வாங்க. இப்ப இதை வாசிங்க." கூண்டு அட்டையைக் காட்டினாள்.

"மருந்து, இடது இறக்..." கூண்டு மாமா நின்றுவிட்டார். அட்டையைப் பார்த்தார். பருந்தைப் பார்த்தார். பின்பக்கத்து அறை இருக்கும் திசையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அது பருந்துங்க குளிக்கிற தண்ணியா? நான் வந்ததிலேருந்து அதைக் கொட்டவே இல்லையே! குழாய்த் தண்ணியைத்தானே பிடிச்சு வச்சுக்கிட்டிருந்தேன்." அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இதுங்க எல்லாம் என்னாலதான் படுத்துச்சா? டாக்டர்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

கோழிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. என்கூட வந்து நில்லுங்க, போதும்" என்றாள்.

டாக்டர் இன்னும் அம்மாவின் அறையில்தான் இருந்தார். கோழி நோட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"டாக்டர், எனக்கு ஒரு வாக்கியம் எழுதித் தருவீங்களா? ஹோம்வொர்க்குக்கு."

"இப்பவா?" என்றார் டாக்டர்.

"கோழி, நேரம் காலம் தெரியாம என்ன இது?" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு வாக்கியம்தான். 'பருந்துக்கு மருந்து கொடு'. எப்பவும் எழுதற மாதிரியே எழுதுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டர் மடமடவென்று எழுதினார். கோழி அதை வாங்கி அம்மாவிடம் நீட்டினாள்.

"சத்தமா வாசிம்மா."

"'மருந்துக்கு மருந்து கொடு'" என்று வாசித்தாள் அம்மா. பிறகு நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். "என்ன டாக்டர் இது? மருந்துக்கு உடம்பு சரியில்லையா?"

டாக்டருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "பருந்துக்குன்னுதான் எழுதினேன். குடு பார்க்கலாம்." நோட்டை வாங்கினார். கண்ணாடியைத் தேடி, கழுத்தில் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். "அட, ஆமாம். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் டாக்டர். நான் மாட்டு வகுப்புக்குப் போறவ" என்றாள் கோழி. "பின்னாடி தொட்டி மேல ஒரு அட்டை ஒட்டியிருக்கீங்களே, அதுல என்ன எழுதியிருக்கீங்க?"

"அதுவா? பருந்துத் தண்ணீர். வேறு யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். முன்னாடி இருந்தவர் அந்தத் தண்ணியை எடுத்துத் தரை துடைச்சுக்கிட்டிருந்தார். அதனாலதான்..."

டாக்டர் பேச்சை நிறுத்தினார். கூண்டு மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்கூட அதை மருந்துன்னுதான் நினைச்சேன்" என்றாள் அம்மா மெதுவாக. "நீங்க ஏதோ கிருமிநாசினி கலக்கி வச்சிருக்கீங்கன்னு தள்ளியே போயிடுவேன்."

"நானும்தான்" என்றாள் கோழி உடனே.

டாக்டர் கூண்டு மாமாவின் பக்கம் திரும்பினார். "தப்பு என் கையிலதான். நான் எழுதினதை நீங்க அப்படியே மதிச்சு நடந்திருக்கீங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார்.

கூண்டு மாமா அதற்குள் வாளியைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதும் வெளியே சாயங்கால வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டுத் தரையில் தண்ணீர் பரவியது. நெளிந்த கொசுப்புழுக்கள் கொஞ்ச நேரம் துள்ளிப் பார்த்துவிட்டு அடங்கின. மாமா தொட்டியை உள்ளும் புறமும் தேய்த்த தேய்ப்பில் சிமெண்டே கரைந்துவிடும் போலிருந்தது. டாக்டரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு வந்துவிட்டார். பெரியவர்கள் ஆளாளுக்குச் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்களைத் துரத்தி அடித்தார்கள். அடிக்கு அடி கணக்குச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்ற விதியை மீறாதவள் கோழி ஒருத்திதான்.

மறுநாள் வந்த வண்டியை டாக்டர் காலியாகவே திருப்பி அனுப்பிவிட்டார்.

மேனேஜர் உடனே எழுந்து நின்றுவிடவில்லை. உடம்புக்குள் புகுந்த ஒட்டுண்ணி சொன்னவுடன் கிளம்பும் ரகம் அல்ல. மாத்திரை வைத்த கறியைக் கக்கியது. பிறகு பாதி தின்றது. அம்மா ரத்தத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கோழி வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வேறு எந்தப் பறவையும் புதிதாகப் படுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவள் போய் நின்றபோது, மேனேஜர் தலையைச் சாய்த்து மேலும் கீழும் பார்த்தது.

"சாரி சார். இன்னிக்கு நிஜமாவே பஸ் லேட்டு சார்" என்றாள் கோழி. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தொட்டிக்குப் புது அட்டை வேண்டியிருந்தது. டாக்டரை எழுதவிட யாருக்கும் தைரியம் இல்லை. கோழியை எழுதவிட அவளுக்கே தைரியம் இல்லை. எழுத்தே வேண்டாம், படம் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கோழி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பருந்து வரைந்து, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வரைந்தாள்.

கூண்டு மாமா அதைத் தள்ளி நின்று ரசித்தார். "கோழி தண்ணி குடிக்குது. பிரமாதம்!" என்றார்.

அவருடைய ஜோக்குகள் திரும்பி வந்துவிட்டன என்று தெரிந்தது.

இறக்கையும் ரத்தமும் இரண்டும் சரி என்று அம்மா சொன்ன பிறகு, மேனேஜரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கூண்டைத் திறந்தார். மேனேஜர் வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. எல்லோரையும் கடைசியாக ஒருமுறை மேலும் கீழும் பார்த்தது. பிறகு இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர்கள் அப்படித்தான்.

கீழே வந்ததும் டாக்டர் காலிக் கூண்டின் அட்டையைக் கழற்றினார். அதில் கடைசியாக ஒரு வரி எழுத வேண்டும். பழைய கையெழுத்தில் எழுதினால் அது 'மருந்து மறந்தது' என்றுதான் ஆகியிருக்கும். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோழி பக்கத்தில் நின்று, "அங்கேயே நிறுத்துங்க, சுழிக்காதீங்க, ஆங், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எழுதி முடித்ததும் டாக்டர் அட்டையைக் கூண்டு மாமாவிடம் நீட்டினார்.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"பருந்து பறந்தது!"